அறுந்த முனையைப் பிரித்துப் பார்த்த ஞாயிறு

"…பேனரே அடிச்சாச்சு, பஸ்ல வர்றவங்க அத்தினி பேருக்கும் சொல்லியாச்சு, இந்நேரம் உங்கம்மா சபையில சாட்சியே சொல்லி முடிச்சிருப்பா. இப்போ வந்து நாளைக்குக் குடுக்கலன்னா நான் இன்னாம்மா பண்றது?"

டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி எங்கள் அப்பா கேட்டது இது. அம்மா ஞாயிறு ஆராதனைக்குச் சர்ச்சுக்குப் போயிருந்தாள். மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்த என் தங்கையிடம் கேட்டார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் இருக்க வெங்காயம் நல்ல வேலை.

அப்பா ஷிப்ட் பஸ் ஓட்டுகிறவர். இருங்காட்டுக்கோட்டையில் ஆட்களை ஏற்றி ஒரகடத்தில் இறக்குவார். முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புவார். எங்கள் வீட்டில் நடப்பது எங்களுக்குத் தெரிவதற்கு முன் அந்த பஸ்ஸுக்குத் தெரிந்துவிடும். திங்கட்கிழமை தங்கை தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் பஸ் ஆட்களே கூடிப் பேசி ஒரு பேனர் அடித்துவிட்டார்கள். ஆய்வேட்டைக் கொடுப்பது வேறு, பட்டம் வாங்குவது வேறு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கொடுத்த பிறகு அது வெளியூர்ப் பேராசிரியர்கள் கைக்குப் போய், அவர்கள் படித்து, கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, அதற்கப்புறம்தான் பட்டம். அப்பா கணக்கில் கொடுத்தாலே டாக்டர்தான். பேனரில் தங்கை கறுப்பு அங்கியில் சிரிக்கிறாள், பேருக்கு முன்னால் பெரிய எழுத்தில் 'முனைவர்'. வாழ்த்துகிறவர்கள் படம் போடும் இடத்தில் யார் முகத்தைப் போட்டாலும் சண்டை வரும் என்று பஸ்ஸின் முகப்பையே போட்டிருந்தார்கள். நல்ல வேளை, பஸ்ஸுக்கு எதிரிகள் இல்லை.

நான் ப்ளஸ் டூவோடு நிறுத்தியவள். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்து இன்று லைன் லீடராக இருக்கிறேன். காருக்குள் ஓடுகிற ஒயர்களை எல்லாம் கிளை கிளையாகப் பிரித்து, டேப் சுற்றி, நுனிக்கு நுனி கனெக்டர் போட்டு, ஒரே கொடியாகக் கட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. அதற்கு ஹார்னஸ் என்று பெயர். எனக்குப் படிப்பு காதுவழியாக வந்தது. யாராவது ஒன்றை நன்றாகச் சொல்லிவிட்டால் அதை எனக்குச் சொந்தமாக்கிக்கொள்வேன். எங்கள் கேன்டீனில் பரிமாறுகிற அக்கா ஒருத்தி, "பசிச்சவன்கிட்ட சமையல் குறிப்பு படிக்காதே" என்பாள். சூப்பர்வைசர் நீளமாகப் பேசும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். தங்கையின் ஆராய்ச்சியையும் அப்படித்தான் படித்தேன். அவள் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, புரியாததை மறுநாள் மறுபடி கேட்டு, அவளுக்கே அலுத்துப்போய், "அக்கா, நீயே வந்து தீசிஸ் எழுதிடேன்" என்று சொல்லும் வரைக்கும்.

அவள் ஆராய்ச்சி ஈஸ்ட்டில். பன்னை உப்பவைக்கிற அதே ஈஸ்ட்தான். ஒற்றைச் செல், அதற்குள் பதினாறு குரோமோசோம். ஒவ்வொன்றும் நீளமான ஓர் இழை, இழைக்கு இரண்டு முனை, ஆக முப்பத்திரண்டு முனைகள் பிறவியிலேயே இருக்கின்றன. அந்த முனை ஒவ்வொன்றிலும் ஒரு தொப்பி உண்டு. 'இது இழை முடிகிற இடம், பயப்பட ஒன்றுமில்லை' என்று செல்லுக்குச் சொல்வது அந்தத் தொப்பிதான். இழை நடுவில் அறுந்துவிட்டால் இரண்டு புது முனை உண்டாகும். அவற்றுக்குத் தொப்பி கிடையாது. செல்லுக்குள் காவல் பார்க்கிற புரதங்கள் அந்த வெறும் முனையில் வந்து உட்கார்ந்ததும் அபாயச் சங்கு ஊதிவிடும். செல் இரண்டாகப் பிரிவதை அப்படியே நிறுத்திவிடும். சரிசெய்யும் வரை காத்திருக்கும்.

ஒரு தடவை போனில் படம் காட்டினாள். தாய்ச் செல், அதன் பக்கத்திலேயே கிட்டத்தட்ட அதே பருமனுக்கு வளர்ந்துவிட்ட மொட்டு, இரண்டும் பிரியாமல் எட்டு மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. படம் முழுக்க எட்டு எட்டாக இருந்தது.

"எல்லாம் நிக்குதுக்கா. அறுந்தது என்னாச்சுன்னு தெரியாம அடுத்த வேலைக்குப் போகாது" என்றாள்.

"எங்க கயிறு மாதிரி" என்றேன்.

எங்கள் லைனில் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். கையில் இருக்கிற பீஸில் சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். மஞ்சள் விளக்கு எரியும், ஒரு பாட்டு ஓடும், லைன் நிற்கும். இழுத்தவளுக்குப் பெயர் அன்றைக்கு மகாராணி. "மகாராணி இழுத்துட்டாங்க, எல்லாரும் தண்ணி குடிங்கடி" என்று கிண்டல் பறக்கும். டார்கெட் போச்சே என்று முறைக்கிறவர்களும் உண்டு. எனக்கு மட்டும் இழுக்கிற பெண்களைப் பிடிக்கும். கயிறு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இழுக்கத்தான் நெஞ்சு வேண்டும்.

தங்கையின் வேலைக்கு வருகிறேன். தீனியாகப் போடுகிற சர்க்கரையை மாற்றிக் கொடுத்தால் ஒரே ஓர் இடத்தில் இழையை வெட்டுகிற கத்தரி ஒன்றை ஈஸ்ட்டுக்குள் வைத்திருந்தாள். வெட்டிய பிறகு பெரும்பாலான செல்கள் செத்துப்போகும். சில பிழைக்கும். எப்படிப் பிழைத்தன என்பதுதான் கேள்வி. சில, அறுந்த இரண்டு முனையையும் எப்படியோ ஒட்டிக்கொள்ளும். சில, அறுந்த முனைக்கே புதுத் தொப்பி போட்டுக்கொள்ளும். அப்படிப் போட்டால் வெட்டுக்கு அப்பால் இருந்த துண்டு தொலைந்தது தொலைந்ததுதான். அந்த ஓரத் துண்டு இல்லாமலும் உயிரோடு இருக்க முடிகிற மாதிரி இடம் பார்த்துத்தான் அவள் வெட்டியிருந்தாள். சாதாரணமாகச் செல் இந்தக் குறுக்கு வழிக்கு விடாது. தொப்பி போட வருகிற ஆளை அறுந்த முனையிலிருந்து தள்ளிவிடுவதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறதாம். அந்தப் புரதம் சோம்பினால் என்ன ஆகும் என்று அவள் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வரை எல்லாம் சரியாக இருந்தது. அதற்கப்புறம்தான் அவள் ஒன்றைக் கண்டாள். அதைத்தான் ஞாயிறு காலையில் படியில் உட்கார்ந்து அப்பாவுக்குச் சொல்லப் பார்த்தாள்.

"ப்பா, வெட்டுக்கு அப்பால இருந்த துண்டைத் தொலைச்சிட்டுப் பொழைச்சதெல்லாம் தொப்பி போட்டுத்தான் பொழைச்சுதுன்னு எழுதியிருக்கேன். நான் முனையைத் திறந்து பார்த்தது கொஞ்சத்தைத்தான். மத்ததுலயெல்லாம் அப்பால இருந்த துண்டு இல்ல, அதனால தொப்பிதான்னு நானே முடிவு பண்ணிட்டேன். நேத்து சும்மா ஒரு படத்துக்காக இன்னொண்ணைத் திறந்தேன். அறுந்த இடத்துல தொப்பி இல்லப்பா. வேற ஒரு குரோமோசோமோட கடைசித் துண்டைக் காப்பி பண்ணி அங்க ஒட்டி வெச்சிருக்கு."

"ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். ஆனா நான் திறக்காதது நிறைய இருக்கே."

"ஒரு சீட்டு உறை கிழிஞ்சா பஸ்ஸை ஓரங்கட்டிடுவாங்களா?"

"சீட்டு கிழிஞ்சா ஓட்டலாம். ஒரு போல்ட்டு காணோம்னா?"

"அது எந்த போல்ட்டுன்னு பார்க்கணும்."

"அதான்பா. பார்க்கணும்னு சொல்றேன்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். பேச்சில் பெண்ணிடம் தோற்பது அவருக்குப் பழக்கம். பஸ்ஸிலும் அதைப் பெருமையாகச் சொல்லுவார். ஆனால் அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. காரணம் இருந்தது. பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை காத்திருந்தது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு உடனே வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். தள்ளிப்போட்டால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் காலையிலேயே போனில், "தப்புன்னு யாரும் சொல்லப்போறதில்லம்மா. கொடுத்துட்டு அப்புறம் திருத்திக்கலாம். முடிவு உன்னுது" என்று சொல்லிவிட்டார். பேனருக்காகக் கத்துகிறவர் போல அப்பா கத்தினாலும், அவர் பயந்தது பெங்களூருக்காக என்று எனக்குத் தெரியும். முதல் முறையாக எங்கள் வீட்டில் ஒரு ஆளுக்கு ஷிப்ட் இல்லாத வேலை.

அந்த நேரம் பார்த்து, மாடியில் வாடகைக்கு இருக்கிற பெண் துணி வாளியோடு இறங்கி வந்தாள். திருநெல்வேலிப் பக்கம். எங்கள் லைனில்தான் டேப் சுற்றுகிறாள். கை அப்படி ஒரு வேகம்.

"என்னக்கா, காலங்காத்தால எல்லாரும் உம்முனு இருக்கிய?"

"உன் டாக்டரக்கா கயிறு இழுத்துட்டா" என்றேன்.

"அய்ய, நாளைக்குத்தான பேனரு?"

"நீயும் ஆரம்பிக்காதே" என்றாள் தங்கை. அப்புறம் எழுந்து, அப்பா தன் டூவீலருக்குப் புது ஒயர் போட்டபோது கழற்றிய பழைய ஒயர்க் கொடி ஒரு சாக்கில் கிடந்தது, அதை எடுத்து வந்தாள். கட்டிங் பிளேயரும் டேப்பும் அப்பாவின் டூல் பையிலிருந்து வந்தன. ஹெட்லைட்டுக்குப் போகிற ஒயரை நடுவில் வெட்டினாள். வெட்டி, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

"இதை என்ன பண்ணுவே?"

அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. வாளியைக் கீழே வைத்தாள், டேப்பைப் பல்லால் கிழித்தாள், இந்த முனைக்கு ஒரு சுற்று, அந்த முனைக்கு ஒரு சுற்று. இரண்டையும் தனித்தனியாக மூடி, நேர்த்தியாக அழுத்தி, தங்கையிடம் நீட்டினாள். எங்கள் லைனில் அதுதான் சட்டம். வெறும் முனை கண்ணில் பட்டால் முதலில் மூடு, மற்றதெல்லாம் பிறகு. வெறும் முனையோடு தள்ளுவண்டி நகர்ந்தால் லீடர் திட்டுவாள். அந்த லீடர் நான்தான்.

அப்பா எட்டிப் பார்த்தார். "ஏம்மா, ஒயரைச் சேக்காம மூடிட்டியே. வெளக்கு எப்படி எரியும்?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கை தானா போயிட்டு மாமா. வெறும் முனையப் பாத்தா எங்களுக்கு அப்படித்தான்."

தங்கைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தக் காலையில் அவள் முதலில் சிரித்தது அப்போதுதான். "இதைத்தான் நான் இத்தனை வருஷமா பார்க்கிறேன். ஷார்ட் ஆகாது, வண்டி ஓடும், ஹெட்லைட் மட்டும் செத்துப்போச்சு. தொப்பி போட்டுக்கிட்ட ஈஸ்ட்டும் இப்படித்தான். உயிர் இருக்கும். அப்பால இருந்தது இருக்காது."

"சரி, தொப்பிதான்னு நீ எழுதியாச்சு. அதுல இன்னா தப்பு?" என்றார் அப்பா.

இதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. வெங்காயத்தை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் சுற்றியதைப் பிரித்து, ஸ்விட்ச் பக்கத்து முனையைக் கொண்டுபோய் ஹாரன் ஒயரோடு முறுக்கிச் சேர்த்தேன். மேலே வழக்கம்போல டேப் சுற்றினேன். சுற்றிய பிறகு வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. எங்கள் வேலையின் அழகே அதுதான். அப்பாவிடம் கொடுத்தேன்.

"இப்போ பேட்டரி குடுத்தா ஹெட்லைட் எரியுமா?"

"ஹெட்லைட்டுக்குப் போற ஒயர் தனியா நிக்குது. எப்படி எரியும்?"

"முன்னாடி அவ மூடினப்போ?"

"அப்பவும் எரியல."

"எரியலங்கிறதை வெச்சு, உள்ள எது நடந்திருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அப்பா கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெக்கானிக்குகள் எத்தனை பேர் அவரை ஏமாற்றியிருப்பார்கள். வெளியில் புது டேப், உள்ளே பழைய பிரச்சினை. கட்டைவிரல் நகத்தால் டேப்பின் நுனியைத் தேடிப் பிடித்து, மெதுவாக உரிக்க ஆரம்பித்தார். முழுக்க உரித்து, முறுக்கியிருந்த இரண்டு ஒயரையும் பிரித்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"பிரிச்சாதான் தெரியுது" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, கையிடம் சொல்வது போலச் சொன்னார்.

"எங்க டெஸ்ட் போர்டும் அப்படித்தான் மாமா" என்றாள் அந்தப் பெண். "லைட்டு எரியலன்னு மட்டும்தான் சொல்லும். ஏன் எரியலன்னு நாமதான் பிரிச்சுப் பாக்கணும். பிரிக்காம 'ஓகே' சீட்டு ஒட்டி அனுப்பினா அக்கா கொன்னுபோடுவாவ."

இந்த இடத்தில் பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அதில் மறைக்க ஒன்றுமில்லை. அந்தச் சேதி வந்த நாளில் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தங்கை, அப்படிப் பிழைத்த ஈஸ்ட் ஒவ்வொன்றையும் வளர்த்து, ஒவ்வொன்றின் அறுந்த இடத்தையும் படித்தாள். பெரும்பாலானவை அவள் எழுதியபடியே தொப்பிதான். ஆனால் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தன. இன்னொரு குரோமோசோமிலிருந்து காப்பி அடித்தவை சில. ஏதோ ஒரு துண்டை இழுத்து ஒட்டிக்கொண்டவை சில. முன்பு 'எல்லாம்' என்று இருந்த ஒரு வரி இப்போது ஒரு முழு அத்தியாயம். வாய்மொழித் தேர்வு அன்று பொதுமக்கள் வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்த அத்தியாயத்தைத்தான் விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். ஆங்கிலத்தில் கேட்டார், அவளும் ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ஒரு கேள்விக்கு அவள், "அதை இன்னும் பார்க்கவில்லை, அதனால் சொல்ல மாட்டேன்" என்றது நன்றாகப் புரிந்தது. லைனில் புதிதாகச் சேருகிற பெண்களுக்கு நான் கயிற்றைக் காட்டும்போது இப்போதும் அவள் கதையைத்தான் சொல்கிறேன். தங்கைப் பெருமை பேசுகிறாள் என்று பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பெருமைப்பட ஒன்று கிடைத்தும் வாயை மூடிக்கொண்டிருக்க நான் என்ன டேப் சுற்றிய ஒயரா?

அந்த ஞாயிறு இதெல்லாம் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: நாளைக்குக் கொடுத்தால் வேலை நிச்சயம். கொடுக்காவிட்டால் ஒன்றும் நிச்சயமில்லை. அதிலும் அவள் எழுதியது முக்கால்வாசி சரியாகவே இருக்கும் என்று அவளுக்கே தெரியும். முக்கால்வாசி சரியாக இருக்கும்போது நிறுத்துவதுதான் கஷ்டம். மொத்தமும் தப்பென்றால் யாருமே நிறுத்திவிடுவார்கள்.

தங்கை என் பக்கம் திரும்பினாள். "அந்த எட்டு மாதிரி நிக்குமே, அதுலகூட சிலது ரொம்ப நேரம் நின்னு பார்த்துட்டு, அறுந்தது அறுந்தபடியே இருக்க, சரி போவோம்னு பிரிய ஆரம்பிச்சுடும்கா. அலுத்துப்போய். நானும் நேத்து அப்படித்தான் நெனச்சேன். போதும், போயிடலாம்னு."

"அப்புறம் ஏன் போகல?" என்று கேட்டேன்.

"தெரியல. காலையில எழுந்தா அந்த ஒண்ணுதான் கண்ணுல நிக்குது."

அந்தத் திருநெல்வேலிப் பெண் வாளியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "ஆக்கப் பொறுத்தாச்சு, ஆறப் பொறுக்க மாட்டியளா மாமா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்தாள். எல்லோருக்கும் தெரிந்த பழமொழிதான். ஆனால் பழமொழிக்கு வயது முக்கியமில்லை, வந்து விழுகிற நேரம்தான் முக்கியம் என்பது என் கட்சி.

அப்பா அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கையிடம், "எத்தினி நாள் ஆவும்?" என்றார்.

"தெரியாதுப்பா."

"பெங்களூர்காரன் நிப்பானா?"

"நிக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன்."

"ம்." கையிலிருந்த ஒயர்க் கொடியைச் சுருட்டிச் சாக்கின் மேல் போட்டார். "இன்னிக்கு லேப்பு தொறந்து கீதா?"

"சாவி என்கிட்டதான் இருக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை ஷேர் ஆட்டோ சரியா வராது. மத்தியானமா பார்த்துக்கிட்டுப் போகலாம்னு இருந்தேன்."

அப்பா உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பேனர்க் கடைக்குப் போன் போடத்தான் போயிருக்கிறார் என்று நான் நினைத்தேன். வெளியே வந்தபோது, திங்கட்கிழமை டூட்டிக்காகத் தேய்த்து மடித்து வைத்திருந்த காக்கிச் சட்டையைப் போட்டுக் கழுத்துப் பட்டன் வரை மாட்டியிருந்தார். காலேஜ் கேட்டில் செக்யூரிட்டி கேட்டால் மரியாதையாக நிற்க வேண்டுமாம். டூவீலரைத் தெருவுக்குத் தள்ளி, தோளில் கிடந்த துண்டால் பின் சீட்டைத் தட்டித் துடைத்துவிட்டு, தங்கையைப் பார்த்து, "குந்தும்மா" என்றார்.